விட்ட இடத்தில் தொடரும் காகிதச் சுருள்

3 மில்லிமீட்டர் அகலத்தில் நறுக்கிய வண்ணக் காகித நாடா, நுனியில் பிளவுள்ள ஒரு சிறு கருவி, ஒரு துளி ஃபெவிகால். குவில்லிங் என்று நாம் சொல்லும் காகிதச் சுருள் கலைக்கு அடிப்படையில் இவ்வளவு போதும். நாடாவின் முனையைப் பிளவில் செருகிக் கருவியை விரல்களுக்கிடையே உருட்டினால், காகிதம் சுற்றிச் சுற்றி இறுகி ஒரு சிறு வட்டத் தட்டாகிறது. பிடியைத் தளர்த்தினால் அது சற்று விரிந்து தளர்ந்த சுருளாகிறது. அதன் ஒரு பக்கத்தைக் கிள்ளினால் துளி வடிவம், எதிரெதிரே இரு பக்கமும் கிள்ளினால் கண் வடிவம் கிடைக்கும். இந்தச் சில்லுகளை அடுக்கி ஒட்டினால் வாழ்த்து அட்டையில் பூ மலரும், சட்டத்துக்குள் மயில் நிற்கும், காதில் ஜிமிக்கி ஆடும். கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் பெண்கள் பலர் இந்தக் கலையைக் கையில் எடுத்திருக்கிறார்கள். காரணம் கேட்டால், செலவு குறைவு, கற்பது சுலபம் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் செலவு குறைந்த, சுலபமான கைவேலைகள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. குழந்தை வளர்ப்போடு குவில்லிங் ஒத்துப்போவதற்கான காரணம் அதன் கட்டமைப்பில் இருக்கிறது: எந்த நொடியில் கையை எடுத்தாலும், அதுவரை செய்தது ஏறக்குறைய முழுதும் அப்படியே மிஞ்சும்.

இதை மதிப்பிட நல்லதோர் அளவுகோல் மானுடவியலில் இருக்கிறது. ஒரு சமூகத்தின் பிழைப்புக்கான உழைப்பில் பெண்களின் பங்கு ஏன் ஓரிடத்தில் கூடுகிறது, வேறோரிடத்தில் குறைகிறது என்ற கேள்வியை அமெரிக்க மானுடவியலாளர் ஜூடித் பிரௌன் 1970-இல் ஆராய்ந்தார். திறமையையோ உடல் வலிமையையோ அவர் காரணமாகச் சொல்லவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்வது பெண்களின் பொறுப்பாக விடப்பட்ட சமூகங்களில், அந்தப் பொறுப்போடு சேர்த்துச் செய்யக்கூடிய வேலைகளே அவர்கள் கைக்கு வருகின்றன என்றார். அத்தகைய வேலைக்கு அவர் கண்ட இயல்புகள் நான்கு. முழுக் கவனத்தையும் கேட்காமல், செய்ததையே திரும்பச் செய்வதாக இருக்க வேண்டும். நடுவில் நிறுத்தவும் மீண்டும் தொடங்கவும் எளிதாக இருக்க வேண்டும். குழந்தைக்கு ஆபத்து விளைவிக்கக் கூடாது. வீட்டைவிட்டு வெகுதூரம் போக வைக்கக் கூடாது. பின்னாளில் ஆய்வாளர் எலிசபெத் வேலண்ட் பார்பர் இதே அளவுகோலைக் கொண்டு, நூற்பும் நெசவும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பெண்களின் வேலையாக இருந்ததை விளக்கினார். குவில்லிங்கையும் இந்த நான்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வீட்டிலேயே செய்யலாம் என்பதில் சந்தேகமில்லை. மற்ற மூன்றையும் சற்று உற்றுப் பார்க்க வேண்டும்.

முதலில் நிறுத்துவதும் தொடர்வதும். குவில்லிங்கின் அலகு ஒரே ஒரு நாடா. பழகிய கைக்கு ஒரு சுருளைச் சுற்றி ஒட்ட ஒரு நிமிடம் போதும். பாதியில் குழந்தை அழுது, கருவியைப் போட்டுவிட்டு ஓடினால், அந்த ஒரு நாடா அவிழ்ந்துபோகும். நட்டம் அவ்வளவுதான், அதையும் மறுபடி சுற்றிக்கொள்ளலாம். அதற்கு முன் சுற்றி ஒட்டிய எந்தச் சுருளும் குலைவதில்லை. காரணம் காகிதத்தின் இயல்பு. காகிதம் செல்லுலோஸ் நார்கள் பின்னிக் கிடக்கும் ஒரு மெல்லிய பாய். அதை இறுக்கிச் சுற்றும்போது வளைவின் ஒரு பகுதி நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. மீதி, வில்லைப்போல் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கிறது. அதனால்தான் சுருள் விட்டதும் விரிகிறது, ஆனால் மீண்டும் நேர் நாடாவாக ஆகிவிடுவதில்லை. முனையில் ஒரு துளி பசை வைத்தால் அந்த விசை உள்ளேயே அடைபட்டுவிடும். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை, நீரில் மிதக்கும் நுண்ணிய பாலிமர் துகள்களால் ஆனது. காகிதம் நீரை உறிஞ்சிக்கொள்ள, துகள்கள் ஒன்றோடொன்று கலந்து படலமாகின்றன. துளி சிறியது, காகிதம் உறிஞ்சும் தன்மையுள்ளது. ஆகவே சிறிது நேரத்திலேயே பிடித்துக்கொள்கிறது. களிமண் பாதியில் காய்ந்து வெடிக்கும், ரெசின் கலந்துவிட்டால் இறுகும்வரை அவகாசம் தராது. சுருட்டி ஒட்டிய காகிதமோ டப்பாவில் போட்டு மூடினால் அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்கும்.

நிறுத்தியதைத் தொடர்வதில் இன்னொரு சிக்கல் உண்டு. திங்கட்கிழமை செய்த இதழும் வெள்ளிக்கிழமை செய்த இதழும் ஒரே அளவில் இல்லாவிட்டால் பூ கோணலாகும். தொடர்ந்து உட்கார்ந்து செய்பவருக்குக் கை ஒரே பதத்தில் ஓடும். விட்டு விட்டுச் செய்பவருக்கு அந்த வசதி கிடையாது. வெவ்வேறு விட்டத்தில் வட்டக் குழிகள் வெட்டிய அளவுப் பலகை இந்தக் குறையைத் தீர்க்கிறது. சுற்றிய சுருளைக் குழிக்குள் விட்டால் அது விளிம்பைத் தொடும்வரை விரிந்து நிற்கும். அளவைத் தீர்மானிப்பது குழி. அன்றைய மனநிலையோ கையின் பதமோ அதில் தலையிடுவதில்லை. இறுக்கமான சுருளுக்குப் பலகைகூடத் தேவையில்லை, கணக்கே போதும். 50 சென்டிமீட்டர் நீளமும் 0.1 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள நாடாவின் விளிம்புப் பரப்பு 50 சதுர மில்லிமீட்டர். அதை வட்டமாக்கினால் விட்டம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர், சுற்றுகள் சுமார் 40. எத்தனை நாள் கழித்து அதே நாடாவை அதே இறுக்கத்தில் சுற்றினாலும் அளவு பெரிதாக மாறாது. விட்டத்தை இரு மடங்காக்க நான்கு மடங்கு நீளம் வேண்டும் என்பதும் இதிலிருந்து தெரியும். 16 மில்லிமீட்டர் ஜிமிக்கிக்கு நான்கு நாடாக்களை முனையோடு முனை ஒட்டிச் சுற்றுவது இதனால்தான். அந்தத் தட்டை அரைக்கோள அச்சின்மேல் வைத்து மெல்ல அழுத்தினால், சுற்றுகள் ஒன்றின்மீது ஒன்று வழுக்கிக் குடையாக எழும்பும். உட்புறம் பசை தடவினால் அந்தக் குடை அப்படியே உறைந்துவிடும்.

அடுத்தது கவனம். சுருட்டும் வேலை விரல்களைப் பிடித்துக்கொள்கிறது, மனத்தை விட்டுவிடுகிறது. இதற்கு 200 ஆண்டுக்கு முந்தைய சான்று ஒரு நாவலில் கிடைக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் வசதியான வீட்டுப் பெண்களிடையே காகிதச் சுருள் வேலை பெரும் மோகமாக இருந்தது. அரசர் மூன்றாம் ஜார்ஜின் மகள் இளவரசி எலிசபெத்தும் இதைச் செய்தார். அந்தக் காலத்துத் தேயிலைப் பெட்டிகள், பக்கம் முழுக்கச் சுருள்கள் பதித்தவை, இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 1811-இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யில் லூசி ஸ்டீல் என்ற பெண், ஒரு செல்லக் குழந்தைக்காகக் காகிதச் சுருள் கூடை செய்துகொண்டிருக்கிறாள். லூசியோடு தனியே பேச வழி தேடும் நாவலின் நாயகி எலினார், சீட்டாட்டத்திலிருந்து நழுவி, காகிதம் சுருட்டித் தர உதவுவதாகச் சொல்லி அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். ஒரே மேசையில் இருவரும் வேலை செய்தபடியே மிக நுட்பமான, வார்த்தைக்கு வார்த்தை எடை போட வேண்டிய உரையாடலை நடத்துகிறார்கள். இந்தக் காட்சி நம்பும்படி இருக்க வேண்டுமானால் இரண்டு விஷயங்கள் உண்மையாக இருந்தாக வேண்டும். சுருட்டும் வேலையை இன்னொருவரிடம் பிரித்துக் கொடுக்க முடிய வேண்டும். சுருட்டிக்கொண்டே முழு மனத்தோடு பேசவும் முடிய வேண்டும். பேச்சுப் பழகும் குழந்தை கேட்கும் ஓயாத கேள்விகளுக்குப் பதில் சொல்லியபடியே இதழ் சுற்ற முடிவதும் இதனால்தான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். இளவரசிக்கும் சீமாட்டிக்கும் பிள்ளை வளர்க்க ஆயாக்கள் இருந்தார்கள். ஓய்வு மிகுந்தவர்களின் பொழுதுபோக்கைக் கைக்குழந்தைக்காரிக்கு ஏற்ற கலை என்று சொல்லலாமா? வரலாற்றைப் பொறுத்தவரை மறுப்பு சரியே. ஆனால் ஒரு கலை யாருக்காகத் தோன்றியது என்பது வேறு, அதன் கட்டமைப்பு எவருக்கு இடம் தருகிறது என்பது வேறு. மறுப்பின் கனமான பகுதி வேறிடத்தில் இருக்கிறது: குவில்லிங் முழுவதும் சுருட்டுவது அல்ல. சுருள்களை வரைபடத்தின்மேல் அடுக்குவது, நிறத்தின் சாயல்களை வரிசைப்படுத்துவது, வளைவுகள் ஒன்றையொன்று தொடுமிடத்தில் பசை பிதுங்காமல் ஒட்டுவது ஆகியவற்றுக்குக் கண்ணும் மனமும் ஒருசேர வேண்டும். பசை தொட்ட துண்டைச் சரியான இடத்தில் வைக்கச் சில நொடிகளே உண்டு. மேசைவிளிம்பைப் பிடித்து எழுந்து நிற்கப் பழகும் குழந்தை பக்கத்தில் இருக்கும்போது இது நடக்காது. ஆகவே என் கூற்றைக் கொஞ்சம் திருத்தியே சொல்ல வேண்டும். பிரௌனின் அளவுகோலில் தேறுவது குவில்லிங்கின் முதல் பாதி. இரண்டாம் பாதி தேறாது. நல்லவேளையாக, இரண்டையும் ஒரே அமர்வில் செய்தாக வேண்டிய கட்டாயமில்லை. பகலில் கிடைக்கும் துண்டு நேரங்களில் சுருட்டிச் சேர்த்துக்கொண்டு, குழந்தை தூங்கியபின் ஒட்டலாம்.

இன்னும் தீவிரமான மறுப்பு பாதுகாப்பைப் பற்றியது. பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எந்தப் பொருளும் 3 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடியதாகக் கருதப்படும். நாம் கணக்கிட்ட 8 மில்லிமீட்டர் தட்டும் 16 மில்லிமீட்டர் ஜிமிக்கியும் அதற்குள் தாராளமாக விழுந்துவிடும். குவில்லிங்கில் செய்யும் சில்லுகளில் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் தோற்பவையே. குழந்தையோ 9, 10 மாதத்தில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சிறு பொருளைப் பொறுக்கப் பழகுகிறது. பொறுக்கியது நேரே வாய்க்குப் போகும். கூடவே ஊசி முனைக் கருவி, கத்தரிக்கோல், ஜிமிக்கியின் உலோகக் கொக்கிகள், நெடி வீசும் வார்னிஷ். காகிதம்தானே என்ற அலட்சியம் இங்கே உதவாது. குழந்தை தவழத் தொடங்கியதும் தரையில் உட்கார்ந்து சுருட்டுவதை விட்டுவிட்டு உயரமான மேசைக்கு மாற வேண்டும். ஊசியை ஒதுக்கி, மழுங்கிய பிளவுக் கருவியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சுருளும் முடிந்த கையோடு திருகு மூடி போட்ட டப்பாவுக்குள் போக வேண்டும். எழுந்து போகும்போது டப்பாவும் கருவியும் அலமாரிக்குப் போக வேண்டும். வார்னிஷ் பூசுவது குழந்தை இல்லாத, காற்றோட்டமான இடத்தில் மட்டுமே. இவ்வளவையும் செய்ய முடியாத வீட்டில், குழந்தைக்கு 3 வயது ஆகும்வரை இந்தக் கலையைத் தள்ளிப்போடுவதே சரி.

மூன்றாவது மறுப்பு பொருளாதாரம் சார்ந்தது. அதை நான் மற்றவற்றைவிடப் பெரிதாக எண்ணுகிறேன். குழந்தையைப் பார்த்துக்கொண்டே செய்யலாம் என்ற தகுதி ஒரு வேலைக்குப் பெருமை சேர்த்துவிடாது. திருநெல்வேலி, தென்காசி, வேலூர்ப் பகுதிகளில் பீடி சுற்றும் பெண்கள், மடியில் தட்டை வைத்துக்கொண்டு பிள்ளைக்கு அருகிலேயே இருந்து வேலை செய்கிறார்கள். அதுவும் வீட்டு வேலைதான். திரும்பத் திரும்பச் செய்வதுதான். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தக்கூடியதுதான். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று தரப்படும் கூலியில் இடையிடையே நின்ற நேரத்துக்குக் கணக்கு இல்லை. புகையிலைத் தூசி தாயோடு பிள்ளையையும் சேர்த்தே தாக்குகிறது. துண்டு துண்டாகச் செய்யும் உழைப்பை உழைப்பாகவே மதிக்காத பழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. குவில்லிங் ஜிமிக்கிக்கு விலை வைக்கும்போது காகிதம், பசை, கொக்கி ஆகியவற்றின் விலையை மட்டும் கூட்டி, ‘சும்மா இருந்த நேரத்தில் செய்ததுதானே’ என்று நேரத்தை விட்டுவிடுவதும் இதே பழக்கம்தான். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. பீடியில் வடிவமும் அளவும் விலையும் பிறர் வகுத்தவை. குவில்லிங்கில் நிறமும் வடிவமும் செய்பவர் தீர்மானிப்பவை. விலையையும் அவரே தீர்மானிக்கலாம். ஒரு ஜோடிக்கு எத்தனை நாடா, எத்தனை நிமிடம் என்று ஒருமுறை குறித்து வைத்துக்கொண்டால், அந்த நேரத்துக்கும் சேர்த்து விலை கேட்க முடியும். வேலையின் அலகு சிறியது என்பதால் இந்தக் கணக்கு கடினமும் இல்லை.

இத்தோடு, குவில்லிங் செய்தால் குழந்தையின் மூளை வளரும் என்று விளம்பரங்கள் சொல்வதையும் பார்த்துவிடலாம். விரல்களின் நுண்ணிய இயக்கம் பழகப் பழகத் தேறும் என்பது உண்மை. ஆனால் அதற்குக் குவில்லிங்தான் வேண்டும் என்பதில்லை. சட்டைப் பொத்தான் போடுவதும் மணி கோப்பதும் புளியங்கொட்டை பொறுக்குவதும் அதே பயிற்சியைத் தரும். 4, 5 வயதில் குழந்தை ஆசைப்பட்டால், 1 சென்டிமீட்டர் அகல நாடாவையும் மழுங்கிய குச்சியையும் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைக்கலாம். சுருள் கோணலாக வரும், வரட்டும். 3 மில்லிமீட்டர் நாடாவைத் திணித்து நேர்த்தியாக வரவில்லை என்று திருத்திக்கொண்டிருந்தால், தாயின் வேலையும் கெடும், பிள்ளையின் விளையாட்டும் கெடும்.

ஆகவே குவில்லிங்கைக் கைக்குழந்தைக்காரர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கலாம், பாதி நிபந்தனையோடு. சுருட்டும் பாதி, குழந்தையின் அழுகைக்கும் பசிக்கும் தூக்கத்துக்கும் நடுவே தானாகப் பொருந்திக்கொள்ளும். ஒட்டும் பாதிக்கு யாரும் குறுக்கிடாத ஒரு மணி நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் காகிதமோ கருவியோ தர முடியாது, வீட்டில் இருக்கும் மற்றவர்கள்தான் தர வேண்டும். மனைவியின் ஜிமிக்கியையும் மருமகளின் மயிலையும் வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டிப் பெருமைப்படுபவர்கள், அந்த ஒரு மணி நேரம் குழந்தையை வாங்கிக்கொள்ளட்டும்.