சூடானதும் நின்றுவிடும் மோட்டார் சைக்கிள்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையும் மண்சரிவும் நுவரெலியா மாவட்டத்தில் பல குடும்பங்களை இருந்த இடத்திலிருந்து கிளப்பிவிட்டன. தங்குமிடம் ஓரிடம், மரக்கறிப் பாத்தி வேறிடம் என்று ஆகிவிட்டவர்களுக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரமல்ல. லீக்ஸ் மூட்டையைச் சந்தைக்குக் கொண்டுபோவதும், பிள்ளையைப் பாடசாலையில் விடுவதும் அதனால்தான். அந்த வண்டி கம்பளையில் நன்றாகப் புறப்பட்டு, புசல்லாவை தாண்டி, இறம்பொடை வளைவுகளில் ஏறும்போது சூடாகி நின்றுவிட்டால் அன்றைய நாளின் கூலி போய்விடும்.

இந்தக் கோளாறில் ஒரு சங்கடம் உண்டு. கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் ஆறிவிடும். "சூடானா நின்னுபோகுது பாஸ்" என்றால், அவர் ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே ஓடுது தம்பி" என்பார். பிறகு ஊகத்தில் பிளக் மாற்றுவார்கள், அடுத்த முறை கொயில், அதற்கடுத்து காபரேற்றர். காசு போகும், நோய் போகாது. ஆகவே பரிசோதனை நடக்கவேண்டிய இடம் கராஜ் அல்ல, வண்டி நின்ற அதே வளைவுதான். நின்ற முதல் ஐந்து நிமிடங்களே முக்கியம். எஞ்சின் ஓட பெற்றோல், நெருப்புப் பொறி, அமுக்கம் மூன்றும் வேண்டும். அந்த நேரத்தில் எது இல்லை என்று கண்டுபிடித்தால் போதும்.

வண்டியைப் பாதுகாப்பாக ஓரங்கட்டியவுடன் முதலில் பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறவுங்கள். திறக்கும்போது "ஸ்..." என்று காற்று உள்ளே இழுபடுகிறதா? மூடிவிட்டு, ஓரிரு நிமிடத்தில் உதைத்தால் பற்றிக்கொள்கிறதா? அப்படியானால் குற்றவாளி சூடே அல்ல. பெற்றோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். அதற்காக மூடியில் ஒரு சிறு துளை இருக்கிறது. அது அடைபட்டால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி பெற்றோல் இறங்காது. இது நடக்கச் சில மைல் எடுப்பதால்தான் சூட்டில் நிற்பதுபோலத் தெரிகிறது. சேற்றில் கிடந்து எடுத்த வண்டிகளில் இந்தத் துளையை முதலில் பாருங்கள். மழைக்காக மூடியின்மேல் பொலித்தீன் கட்டுகிறவர்களும் உண்டு; அதுவும் இதே வேலையைத்தான் செய்யும். மெல்லிய கம்பியால் துளையைச் சுத்தம் செய்தால் செலவே இல்லை.

மூடியைத் திறந்தும் பயனில்லை என்றால், காபரேற்றரின் அடியிலுள்ள வடிகால் திருகாணியைச் சற்றுத் தளர்த்துங்கள். பெற்றோல் தொடர்ந்து ஓடவேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் குழாயிலோ வடியிலோ துருவும் மண்ணும் இருக்கலாம். ஒரு போத்தலில் பிடித்து, அடியில் தண்ணீர் தங்குகிறதா என்றும் பாருங்கள். சிந்திய பெற்றோலைத் துடைத்து, அது முழுதும் காய்ந்த பிறகே அடுத்த சோதனைக்குப் போகவேண்டும்.

நெருப்புப் பொறியைப் பார்க்க ஒரு பழைய, நல்ல நிலையிலுள்ள பிளக்கை எப்போதும் கருவிப் பையில் வைத்திருங்கள். எஞ்சினில் உள்ள பிளக்கைக் கழற்றவேண்டாம். அதன் தொப்பியை மட்டும் எடுத்து உபரிப் பிளக்கில் மாட்டி, பிளக்கின் இரும்பு உடலை எஞ்சினின் வண்ணம் பூசாத பகுதியில் பொருந்த வைத்து, சாவியைத் திறந்து உதையுங்கள். தொப்பியின் இறப்பரைத் தவிர வேறெதையும் கையால் தொடவேண்டாம். மின் அதிர்ச்சி பலமாக இருக்கும். நீலப் பொறி பளிச்சென்று வந்தால் பற்றவைப்புச் சரி. சூட்டில் பொறியே இல்லாமல், அரை மணி நேரம் கழித்து அதே சோதனையில் வந்தால் பழுது மின்பகுதியில் இருக்கிறது. கொயிலுக்குள் மயிர்போன்ற செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக இருக்கும். அது எங்காவது விட்டுப்போயிருந்தால், குளிரில் முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விலகிவிடும். எஞ்சினுக்கு உள்ளே சூட்டோடு இருக்கும் பல்சர் கொயிலுக்கும், சீ.டி.ஐ. பெட்டிக்கும் இதே குணம் உண்டு. இவற்றில் எது என்பதை மீற்றரால் அளக்கலாம். ஆனால் குளிர்ந்த நிலையில் மட்டும் அளந்தால் எல்லாம் சரியென்றே காட்டும்.

பெற்றோலும் பொறியும் இருந்தும் ஓடவில்லையா? உதைகாலைக் கையால் அழுத்திப் பாருங்கள். காலையில் இருந்த எதிர்ப்பு இல்லாமல் தொளதொளவென்று இறங்கினால் அமுக்கம் கசிகிறது. நான்கு அடி எஞ்சினில் வால்வு இடைவெளி குறைந்துபோனால், சூட்டில் வால்வுத் தண்டு நீண்டு, வால்வு முழுமையாக மூடாது. இதற்கு நாமே காரணமாவது உண்டு. "டப்பட் சத்தம் கேட்குது, கொஞ்சம் இறுக்கிவிடுங்க" என்று கேட்டு வாங்குகிறோம். மெல்லிய டப்பட் சத்தம் நல்லது; சத்தமே இல்லாததுதான் ஆபத்து. பழைய ஹொண்டா கப் வண்டிகளுக்கு இடைவெளி 0.05 மில்லிமீற்றர். மற்ற வண்டிகளுக்கு அவற்றின் கைந்நூலில் உள்ள அளவையே பின்பற்றவேண்டும். எஞ்சின் முற்றாகக் குளிர்ந்திருக்கும்போதுதான் இதைச் சரிசெய்யலாம்.

இவையெல்லாம் திடீரென்று அணையும் வகை. யாரோ பிறேக்கை அழுத்துவதுபோல வேகம் குறைந்து நின்றால் அது வேறு, பிஸ்டன் இறுகுகிறது. உடனே கிளச்சைப் பிடியுங்கள். உதைகால் நகராவிட்டால் பலவந்தமாக உதைக்கவேண்டாம். சிலிண்டரில் தண்ணீர் ஊற்றவே கூடாது. சூட்டு இரும்பு வெடிக்கும். நன்றாக ஆறவிட்டு ஒயில் மட்டத்தைப் பாருங்கள். சிலிண்டர் செதில்களுக்கிடையே சேறு காய்ந்திருந்தால் காற்று புகாமல் சூடு ஏறும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் அதை மாற்றாமல் ஓட்டக்கூடாது.

உயரத்தையும் சிலர் குறை சொல்வார்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்று ஐதாவதால் பெற்றோல் விகிதம் கூடி இழுவை குறையும், பிளக்கும் கறுக்கும். ஆனால் சூட்டில் அணைந்து, ஆறியதும் ஓடுவதற்கு அது காரணமல்ல.

கராஜுக்குப் போகும்போது ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை மைலில் நின்றது, மூடி திறந்தபோது காற்று இழுத்ததா, பொறி இருந்ததா, உதைகால் தொளதொளத்ததா, எத்தனை நிமிடத்தில் மீண்டும் ஓடியது. கொயில் மாற்றவேண்டும் என்று பாஸ் சொன்னால், பழையதை வெந்நீர்ப் போத்தலோடு சேர்த்துக் கட்டி, சூடேறியபின் ஒருமுறை அளந்து காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. அதற்குப் பிறகு காசைக் கொடுக்கலாம்.