அ.கொ.தீ.க.வுக்கு எத்தனை மார்க்?

எங்கள் செட்டியார்பட்டி வீட்டில் அப்போது ஒரே ஒரு குண்டு பல்புதான். பிளக் பாயின்ட் கிடையாது. இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். சிவகாசி அச்சாபீசில் வேலை பார்த்த அண்ணன் சனிக்கிழமை ராத்திரி ராஜபாளையத்தில் பஸ் மாறி வருவார். தூக்குவாளிக்குள் முத்து காமிக்ஸ் ஒன்று சுருண்டு கிடக்கும். அதில் இரும்புக்கை மாயாவி பிளக்கில் விரலை நுழைப்பார். ஆள் மறைவார், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். நான் கரண்டியோடு ஸ்டூலில் ஏறி பல்பைக் கழற்றியதை அம்மா பார்த்துவிட்டாள். முதுகு பழுத்தது.

1972-ல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே மாயாவிதான். மூலம் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் 1962-ல் ஆரம்பித்த தொடர். கென் பல்மரும் பிறகு டாம் டல்லியும் எழுத, ஸ்பெயின்காரர் ஹேசுஸ் பிளாஸ்கோ வரைந்தார்.

மாயாவி சேர்ந்த உளவுப் பிரிவு நிழற்படை. அதன் தீராத எதிரி அ.கொ.தீ.க. விரித்தால், அழிவு கொள்ளை தீமைக் கழகம். நம்மூர்ச் சுவரெழுத்து மாதிரியே இருக்கும் இந்தப் பெயரை வைத்தவருக்குச் சிலை வைக்கலாம். ஆனால் பெயரைத் தாண்டி அந்தக் கும்பலிடம் என்ன இருந்தது? எந்த அயோக்கியனாவது தன் லெட்டர்பேடில் 'தீமை' என்று போட்டுக்கொள்வானா? அண்ணனிடம் கேட்டேன். "அப்படி ஒரு ஆர்டர் எங்க ஆபீசுக்கு வந்ததே இல்லடா" என்றார்.

அதே பிரிட்டனில் 1963 டிசம்பரில், பி.பி.சி.யின் 'டாக்டர் ஹூ' தொடரில் டெரி நேஷன் உருவாக்கிய டாலெக்குகள் வந்தன. பார்க்க மிளகுப்பொடி டப்பா போலிருக்கும். நாஜிகளை மனதில் வைத்துப் படைக்கப்பட்ட அவை, தங்கள் இனம் மட்டுமே வாழத் தகுந்தது என்று நம்புகின்றன. தாங்கள் செய்வது தீமை என்ற நினைப்பே அவற்றுக்குக் கிடையாது. அதனால்தான் அறுபது வருஷம் கழித்தும் திரும்பத் திரும்ப வந்து பயமுறுத்த முடிகிறது.

மாயாவி கதையிலும் அப்படி ஒரு வில்லன் உண்டு. மாயாவியேதான்! முதல் கதையில் மாயாவி, அதாவது லூயிஸ் கிராண்டேல், ஒரு விஞ்ஞானியின் உதவியாளன். சோதனைச்சாலை விபத்தில் மறையும் சக்தி கிடைத்ததும் புத்தி பிசகுகிறது. கொள்ளையடிக்கிறான், நியூயார்க்கையே தகர்க்கத் துணிகிறான். யார் கண்ணுக்கும் தெரியாவிட்டால் நானும் பெட்டிக்கடை மிட்டாய் ஜாடியில் கைவிட்டிருப்பேன், அவன் பெரிதாகக் கைவிட்டான், அவ்வளவுதான். 'எந்திரன்' படத்து ரோபோ சிட்டி ஆடு மாதிரி கத்தும்போது உள்ளே ஒரு குளிர் ஓடுகிறதே, அதுவும் இந்த ரகம். சற்று முன்வரை நம் பிள்ளையாக இருந்தவன் அல்லவா?

மாயாவியைத் திருத்தி நல்லவனாக்கிய பிறகு, கெட்டதை வெளியிலிருந்து வரவழைக்க வேண்டியதாயிற்று. அங்கேதான் வில்லன்கள் வெறும் முகமூடிகளாகிவிட்டார்கள்.

அ.கொ.தீ.க.வுக்குப் பத்துக்கு மூன்று. அந்த மூன்றும் பெயருக்கு. முதல் கதை மாயாவிக்கு ஒன்பது. அம்மாவிடம் வாங்கிய அடிக்காக ஒன்றைக் கழித்திருக்கிறேன்.