ஓய்வுபெற்ற ஃபைபர் படகும் வீட்டாரின் மூச்சும்

இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின்போ, பக்கவாதத்திற்குப் பின்போ, “இனிக் கடலுக்குப் போக வேண்டாம்” என்று மருத்துவர் கூறிவிட்டால், மீனவர் குடும்பத்தில் எழும் கேள்விகளுள் ஒன்று படகை என்ன செய்வது என்பது. எஞ்சினுக்கு வாங்குவோர் கிடைப்பர். வலை தம்பிக்கோ மருமகனுக்கோ போய்ச் சேரும். அடிபட்டு, விரிசல் கண்டு, பலமுறை ஒட்டுப்போடப்பட்ட படகின் உடலை மட்டும் எவரும் கேட்பதில்லை. அது வீட்டருகே மணலில் கிடக்கும். ஒருநாள் யாரேனும் அதற்குத் தீ வைப்பர்.

அப்படித் தீ வைப்பதில் வியப்பில்லை. கட்டுமரமும் மரவள்ளமும் இருந்த காலத்தில் உளுத்துப்போன மரம் அடுப்புக்குத்தான் போயிற்று. அதனால் பெருங்கேடு ஒன்றும் நேரவில்லை. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக ஏராளமான ஃபைபர் படகுகள் தமிழகக் கடற்கரை ஊர்களுக்கு வந்தன. அவற்றுள் உடையாமல் எஞ்சியவை இன்று இருபது வயதைக் கடந்துவிட்டன. படகின் பொருள் மாறியது. பழைய படகைத் தீர்க்கும் வழக்கம் மட்டும் மரக்காலத்து வழக்கமாகவே இருந்துவருகிறது. நோயாளி உள்ள வீடுகள் இவ்வேறுபாட்டை அறிந்திருப்பது மிக அவசியம்.

ஃபைபர் படகு என்பது கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த கலவை. முடியைவிட மெல்லிய கண்ணாடி இழைகளாலான பாய்களை அச்சில் விரித்து, அவற்றின்மேல் பாலியெஸ்டர் ரெசினைப் பூசி, அடுக்கடுக்காக இறுக வைக்கின்றனர். ஒருமுறை இறுகிய இந்த ரெசின் மீண்டும் உருகாது. நெகிழிக் குடத்தை உருக்கி வேறொரு பொருள் செய்வதுபோல் இதைச் செய்ய இயலாது. பழைய இரும்புக் கடைக்காரர் இதைத் தொடாததற்குக் காரணம் அதுவே. மழையும் வெயிலும் உப்பும் பட்டாலும் மக்குவதுமில்லை. கடலில் நம் உயிரைக் காத்த அதே உறுதிதான் கரையில் தொல்லையாகிறது.

இதை எரிக்கும்போது ரெசின் மட்டுமே எரிகிறது. கரிய, அடர்ந்த புகை எழும். அப்புகையில் கார்பன் மோனாக்சைடு, ஸ்டைரீன், பென்சீன் ஆகியவை இருக்கும். நுண்ணிய கரித்துகள்களும் இருக்கும். பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என உறுதிசெய்யப்பட்ட பொருள். ஸ்டைரீனைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2018-இல், புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று பெரிதும் கருதப்படும் பொருள்களின் வரிசையில் சேர்த்தது. படகு மூழ்காதிருக்க அதன் அறைகளில் அடைக்கப்படும் மஞ்சள் நிற பாலியூரித்தேன் நுரை எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடும் வெளிப்படும். ஒருமுறை எரித்ததால் நாளையே புற்றுநோய் வரும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் ஆஸ்துமா உள்ள குழந்தைக்கும், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள முதியவருக்கும், அண்மையில் மாரடைப்பு கண்டவருக்கும் அபாயம் வருங்காலத்தில் இல்லை. அன்று மாலையே இருக்கிறது. மூச்சுக்குழாய் இறுகும், இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும்.

“கடற்கரையில்தானே எரிக்கிறோம், புகை கடலுக்குப் போய்விடும்” என்று கூறுவோர் உண்டு. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் காற்று கடலிலிருந்து ஊரை நோக்கி வீசும். பிற்பகலில் கரையில் வைத்த தீயின் புகை நேராக வீடுகளுக்குள்தான் வரும். இரவில் காற்று திசை மாறும் என்பது மெய்யே. ஆனால் குளிர்ந்த இரவில் புகை மேலெழாமல் தாழ்வாகத் தங்கிவிடும். எரிப்பதற்கு நல்ல நேரம் என்று ஒன்று இல்லை.

தீ அணைந்த பின்னும் வேலை முடிவதில்லை. படகின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கண்ணாடி. திறந்தவெளித் தீ அதை அழிப்பதில்லை. பற்றியிருந்த ரெசினை மட்டும் நீக்கி, இழைகளைத் தளர விட்டுவிடும். வெண்சாம்பல்போல் கிடக்கும் அக்குவியலைக் காற்று அள்ளிச் செல்லும். குழந்தைகள் விளையாடுவதும், மீன் உலர்த்துவதும் அதே மணலில்தான்.

இங்கே ஒரு வீண் அச்சத்தையும் நீக்கிவிடுவது நல்லது. கண்ணாடி இழையும் கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸும் ஒன்றே என்று சிலர் எண்ணுகின்றனர். கல்நார் நெடுக்காகப் பிளந்து மேலும் மேலும் மெல்லிய ஊசிகளாகும். கண்ணாடி இழை குறுக்காகவே ஒடியும். படகில் பயன்படும் இழைகள் நுரையீரலின் ஆழத்திற்குச் செல்ல முடியாத அளவு தடிமனானவை. புற்றுநோய் உண்டாக்குவனவாக அவை வகைப்படுத்தப்படவும் இல்லை. ஆனால் தோலிலும் கண்ணிலும் தொண்டையிலும் கடும் அரிப்பை உண்டாக்கும். கிரைண்டரால் அறுக்கும்போது எழும் ரெசினும் கண்ணாடியும் கலந்த நுண்தூசு, நோயுற்ற நுரையீரலுக்கு எவ்வகையிலும் ஏற்றதன்று.

எரிக்காமல் கடலில் மூழ்கடித்துவிடலாமே என்பது அடுத்த யோசனை. இங்கிலாந்தின் சிச்செஸ்டர் துறைமுகப் பகுதியில் ஆய்வு செய்தவர்கள், அங்குள்ள சிப்பிகளின் உடலினுள் கண்ணாடி இழைத் துகள்களைக் கண்டனர். 2024-இல் வெளியான அந்த ஆய்வு, பழுதுபார்க்கப்படும் படகுகளையும் கைவிடப்பட்ட படகுகளையும் அதற்குக் காரணமாகச் சுட்டியது. நாம் பிடித்து உண்ணும் கடலில் இதைப் போடுவது, வேண்டாத பொருளைத் தட்டின் மறுபக்கத்திற்குத் தள்ளுவது போன்றதே. அதுவுமன்றி, மூழ்கிய படகு அடுத்தவர் வலையைக் கிழிக்கும்.

எதுவும் செய்யாமல் விட்டுவைப்பதிலும் கேடு உண்டு. நிமிர்ந்து கிடக்கும் படகில் மழைநீர் தேங்கினால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அது வசதியான தொட்டி. ஆகவே முடிவு செய்யும்வரை படகைக் கவிழ்த்து வையுங்கள். கவிழ்த்த படகின் அடியில் பாம்பு ஒதுங்கக்கூடும் என்பதால் இருட்டில் கை நுழைக்க வேண்டாம். நீரிழிவு நோயாளிகளுக்குத் தனியே ஓர் எச்சரிக்கை: உடைந்த படகின் ஓரங்களிலிருந்து உதிரும் கண்ணாடிச் சிலாம்புகள் மணலில் கண்ணுக்குத் தெரியா. பாதத்தில் உணர்ச்சி குன்றியவர் குத்தியதை அறியாமலே நடப்பார்; புண்ணான பிறகே தெரியவரும். அப்பக்கம் வெறுங்காலுடன் செல்லாதீர்கள்.

அப்படியாயின் முறையான வழி எது? படகு இன்னும் பழுதுபார்க்கத் தக்கதா என்பதை முதலில் ஃபைபர் பட்டறைக்காரரிடம் காட்டுவது நலம். வாங்கிப் பயன்படுத்த ஒருவர் இருந்தால் அதைவிடச் சிறந்த வழியில்லை. உடலைத் துண்டாக்கிக் கூரையாகவோ மறைப்பாகவோ பயன்படுத்துவதும் தவறன்று. அறுத்த ஓரங்களை ரெசின் பூசி மூடிவிட வேண்டும். குடிநீர் தேக்கவும் மீன் பதப்படுத்தவும் மட்டும் பயன்படுத்தாதீர்கள். பழைய அடிப்பூச்சுகளில் செம்பு, ஈயம் முதலிய உலோகங்கள் இருந்திருக்கலாம். அதே காரணத்தால் அப்பூச்சைச் சுரண்டி வீட்டு முற்றத்தில் கொட்டுவதும் கூடாது.

எதற்கும் பயன்படாது என்று முடிவானால், எரிபொருளையும் கழிவு எண்ணெயையும் வடித்துத் தனித்தனிக் கேன்களில் எடுத்துவிடுங்கள். மின்கலத்தைப் பேட்டரி விற்கும் கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். ஈயம் இருப்பதால் அதற்கு விலையும் உண்டு. எஞ்சியிருக்கும் இரும்பு, அலுமினியப் பகுதிகளைக் கழற்றிய பின்னர் வெறும் உடல் மட்டுமே மீதி.

அந்த உடலுக்கு இன்று நம் நாட்டில் ஏற்ற இடம் சிமெண்ட் ஆலையின் சூளை. மீண்டும் உருகாத பிளாஸ்டிக் கழிவுகளுக்காக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கண்ணாடியிழைப் பொருள்களும் அடங்கும். அது இச்சூளைகளையே முன்வைக்கிறது. சூளையின் வெப்பம் ஏறத்தாழ 1450 டிகிரி செல்சியஸ். அங்கே ரெசின் முழுமையாக எரிந்து எரிபொருளாகிறது. கண்ணாடியில் உள்ள மணற்சத்தும் சுண்ணச்சத்தும் சிமெண்டிலேயே கலந்துவிடுகின்றன. கடற்கரைத் தீயில் நஞ்சாகும் பொருள் அங்கே மூலப்பொருளாகிறது. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்திலும் பழைய படகுகளை இவ்வழியில் தீர்க்கும் முயற்சி நடந்துள்ளது.

சொல்வதற்கு எளிது, ஒரு தனிக்குடும்பம் தன் படகை லாரியில் ஏற்றி ஆலைக்குக் கொண்டுசெல்வது நடைமுறைக்கு ஒவ்வாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எல்லா ஆலைகளும் இதை ஏற்பதுமில்லை. ஏற்பதற்கு அனுமதி பெற்றிருக்க வேண்டும். பிரான்சில் 2019 முதல், உல்லாசப் படகுகளைப் பிரித்தெடுக்கும் செலவைப் படகு தயாரிப்பாளர்களின் பங்களிப்பைக் கொண்டு நடத்துகின்றனர். உடைப்பு நிலையம்வரை கொண்டுசெல்லும் செலவு மட்டுமே உரிமையாளருடையது. அத்தகைய ஏற்பாடு இங்கு இல்லாதவரை, ஊரில் கிடக்கும் படகுகளை ஒன்றாகக் கணக்கெடுத்து, மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாகவோ ஊராட்சியின் வழியாகவோ தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதிக் கேட்பதே பயனுள்ள வழி. ஒரு படகுக்கு வராத லாரி பத்துப் படகுகளுக்கு வரக்கூடும். படகு மீன்வளத்துறையில் பதிவானதாக இருந்தால், உடைக்குமுன் அங்கும் தெரிவித்துப் பதிவை நீக்கிக்கொள்ளுங்கள். எண்ணுள்ள படகு காணாமற்போவது பின்னாளில் வீண் விசாரணைக்கு இடமளிக்கும்.

லாரியில் ஏற்றுவதற்காக அறுத்தே ஆகவேண்டும் என்றால், எவ்வளவு குறைவாக அறுக்க முடியுமோ அவ்வளவு நல்லது. கைரம்பத்தால், நீர் தெளித்து நனைத்தபடி அறுத்தால் தூசு பெருமளவு அடங்கும். மின்கருவியோடு நீரைச் சேர்ப்பது உயிருக்கே ஆபத்து. அறுப்பவர் முழுக்கைச் சட்டை, கண்ணாடி, கையுறை, முகத்தோடு பொருந்தும் N95 முகக்கவசம் ஆகியவற்றை அணிய வேண்டும். முகத்தில் துண்டு கட்டுவது போதாது. N95 தூசைத் தடுக்கும்; புகையின் நச்சு வாயுக்களைத் தடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். மூச்சுநோயாளிகளும் கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் அன்று முழுவதும் வேறு வீட்டில் இருப்பது நலம். வேலை முடிந்ததும் தோலைத் தேய்க்காமல் ஓடும் நீரில் கழுவி, பிறகு சோப்பிடுங்கள். தேய்த்தால் இழைகள் உள்ளே ஏறும். அணிந்த ஆடையை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவையுங்கள்.

உடனிருப்போருக்கு இன்னொன்று. படகைப் பற்றிய முடிவை நோயாளியின் முதுகுக்குப் பின்னால் எடுக்காதீர்கள். முப்பது நாற்பது ஆண்டுகள் கடலுக்குப் போனவருக்கு அது வெறும் பிளாஸ்டிக் அன்று. பக்கவாதத்தால் பேச்சு குழறினாலும் அவர் கேட்பார், தலையசைப்பார். எந்தப் பலகையை எடுத்து வைக்க வேண்டும், எஞ்சின் யாருக்கு என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். படகு போன செய்தியைப் புகையின் வாடையால் அவர் அறியும்படி விடலாகாது.

ஊரில் யாரேனும் எரித்துவிட்டார்கள் என்றால், நோயாளியைப் புகை வராத திசைக்கு உடனே கொண்டுசெல்லுங்கள். இன்ஹேலரை மருத்துவர் சொன்ன அளவில் கொடுங்கள். மூச்சிரைப்பு தணியாவிட்டாலோ, நெஞ்சுவலி, தலைச்சுற்றல், குழப்பம் தோன்றினாலோ 108-ஐ அழையுங்கள். கண்ணில் தூசு விழுந்தால் கசக்காமல் பதினைந்து நிமிடம் தூய நீரால் கழுவிவிட்டு வாருங்கள். அவசரப் பிரிவில் “புகை பட்டது” என்பதோடு நிறுத்தாமல், ஃபைபர் படகு எரிந்தது, நுரையும் சேர்ந்து எரிந்தது, இவ்வளவு நேரம் அருகில் இருந்தார் என்று சொல்லுங்கள். கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் கலந்திருந்தால் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் அளவைச் சரியென்றே காட்டக்கூடும். எரிந்தது எது என்று தெரிந்தால்தான் மருத்துவர் அதற்கான இரத்தப் பரிசோதனையைக் கேட்பார்.