இரண்டு ஊர்ப் பிள்ளைகள்

தேத்தண்ணியைக் குடியுங்கோ, கொஞ்சம் விரிவாகத்தான் சொல்லவேணும். புத்தளத்தில் வளர்ந்த வடக்கு முஸ்லிம் பிள்ளைகள் எப்படிப்பட்ட சமூகத்தில் வாழ ஆசைப்படுகிறார்கள் என்றுதானே கேட்டீர்கள்?

1990 ஒக்டோபரில் தொடங்குவோம். வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். நகை போனது, பலருக்குக் காணி உறுதியும் போனது. பெரும்பாலானோர் புத்தளம், கல்பிட்டிப் பக்கம் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினார்கள். 2009இல் போர் முடிந்தபோது அங்கேயே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்திருந்தது.

வாப்பாவுக்கு ஊர் என்றால் யாழ்ப்பாணத்துச் சோனகத் தெரு. பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் சிநேகிதரும் புத்தளத்தில். அங்கேயே பிறந்தும் 'அகதி' என்ற பெயர் அந்தப் பிள்ளையை விடவில்லை. மானிடவியலாளர் ஷாரிகா திராணகம 2011இல் வெளியிட்ட நூலில் இந்தத் தவிப்பை எழுதியிருக்கிறார். வடக்குக்குத் திரும்பி வந்தால் இடிந்த வீடு. அன்று ஒரு குடும்பம் இருந்த காணிக்கு இன்று நாலைந்து குடும்பங்கள் உரித்தாளிகள். போதாக்குறைக்கு, பதிவும் வாக்கும் எந்த ஊரில் என்ற இழுபறி.

நல்லிணக்கம் என்றதும் பலர் யாழ்ப்பாணத் தீவகத்தில் இருக்கும் நயினாதீவைக் காட்டுவார்கள். அந்தச் சின்னத் தீவில் நாகபூசணி அம்மன் கோயில், நாகவிகாரை, பள்ளிவாசல் மூன்றும் உண்டு. பார்க்க எனக்கும் மனம் நிறையும். ஆனாலும் அது போதாது. யாழ்ப்பாண நகரிலும் கோயிலும் பள்ளிவாசலும் கிட்டக்கிட்டத்தான் நின்றன, 1990ஐ அவை தடுக்கவில்லை.

அந்தப் பிள்ளைகளின் ஆசை பெரிய தத்துவம் ஒன்றுமில்லை என்றே நான் விளங்கிக்கொள்கிறேன். உம்மாவின் காணி உம்மாவின் பெயரில் இருக்கவேணும். இரண்டு ஊரையும் தங்கட ஊர் என்று தயங்காமல் சொல்ல முடியவேணும். பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளை நடந்ததை அறிந்திருக்கவேணும். 'இங்கேயா, அங்கேயா?' என்று அவர்களை நெருக்குவதே பிழை.

இது தீவகத்தாராகிய எங்களுக்கு விளங்காத விசயமா? புங்குடுதீவுக்காரரின் பிள்ளைகள் பலர் ரொறன்ரோவிலும் பாரிசிலும் பிறந்தவர்கள். திருவிழாவுக்கு வந்தால் 'எங்கட பிள்ளை' என்று கட்டியணைக்கிறோம், ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை. புத்தளத்திலிருந்து வரும் பிள்ளைக்கும் அந்த வரவேற்பைக் கொடுங்கோ. அதைக் கொடுக்கவேண்டிய கடன் தமிழராகிய எங்களுடையது.