மலைக்கு முதலில் போய் வழி பார்க்கிறவரே... ஒரு நிமிஷம்!

மார்கழி பிறந்தால் போதும், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் பல வீடுகளில் ஒரு பேச்சு ஆரம்பித்துவிடும். 'இந்த வருஷமாவது பர்வதமலைக்குப் போயிட்டு வந்துடணும்!' இருபது பேர் சேருவார்கள். வேன் பேசுவார்கள். அந்தக் கூட்டத்தில் பொறுப்பான மனுஷர் ஒருத்தர் இருப்பார். வயசு ஐம்பதைத் தாண்டியிருக்கும். "லேடீஸ், பசங்க எல்லாம் வராங்க. முதல்ல நான் மட்டும் போய் வழியைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கிளம்பிவிடுவார்.

நல்ல எண்ணம்தான். ஆனால், இருபது பேரைக் கவனிக்க அவர் இருக்கிறார். அவரைக் கவனிக்க யார் இருக்கிறார்கள்? இந்தக் கட்டுரை அவருக்காகத்தான். அவர் வீட்டு அம்மாவும் கூடவே படித்துவிடுவது நல்லது.

ஏரிக்கரை நடை போதாது

பர்வதமலை, திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. உயரம் சுமார் 4,500 அடி. உச்சியில் மல்லிகார்ஜுனரும் பிரமராம்பிகையும் குடியிருக்கிறார்கள். தென்மாதிமங்கலம் பக்கமிருந்தும் ஏறலாம், கடலாடி பக்கமிருந்தும் ஏறலாம். மேலே போகப் போகச் செங்குத்துப் பாறை. 'கடப்பாறை நெட்டு' என்ற இடத்தில் இரும்பையும் சங்கிலியையும் பிடித்துத்தான் ஏறவேண்டும்.

"டாக்டர், நான் தினமும் பருத்திப்பட்டு ஏரிக்கரையில வாக்கிங் போறேனே!" என்பீர்கள். போங்கள், ரொம்ப நல்லது. ஆனால் நம் பக்கம் முழுக்கச் சமதரை. மலை ஏறும்போது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை. இறங்கும்போது முழங்காலுக்கும் தொடைக்கும் வேலை. சமதரை நடை இந்த இரண்டாவது வேலைக்கு உங்களைப் பழக்குவதே இல்லை.

அதனால் ஒரு சின்னப் பரீட்சை. பதினைந்து நாள் முன்னதாக லோக்கல் ரயிலில் திருத்தணி போய் 365 படிகளையும் ஏறுங்கள். ஏறும்போது பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? இறங்கிய மறுநாளும் அதற்கு மறுநாளும் முழங்கால் வீங்காமல் இருக்கிறதா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் மேற்கொண்டு யோசிக்கலாம். பி.பி., சர்க்கரை உள்ளவர்கள், குடும்பத்தில் இதயநோய் உள்ளவர்கள் டாக்டரைப் பார்த்து ஈ.சி.ஜி.யும் எடுத்துவிடுங்கள்.

அடக்கக் கூடாத பதினான்கு

சித்த மருத்துவத்தில் '14 வேகங்கள்' என்று உண்டு. உடம்பு தானாகக் கேட்கும் விஷயங்கள். தும்மல், கொட்டாவி, தூக்கம் என்று போகும் அந்தப் பட்டியலில் தாகம், பசி, சிறுநீர், இளைப்பு, மூச்சு ஆகியவையும் உண்டு. இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது நம் முன்னோர் கண்டது.

வேடிக்கை என்னவென்றால், தனியாக மலை ஏறுகிறவர் இந்த ஐந்தையுமே அடக்குகிறார். 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்று இளைப்பை அடக்குவார். மூச்சு வாங்கினாலும் நிற்க மாட்டார். கோயிலுக்குப் போகிறோம் என்று பசியை அடக்குவார். கூட நாலு பேர் இருந்தால் யாராவது ஒருத்தர், "உட்காருங்க மாமா, தண்ணி குடிங்க" என்பார். தனியாகப் போனால் சொல்ல ஆள் இல்லையே!

மார்கழி, தை இரண்டும் முன்பனிக் காலம். குளிரில் தோலுக்கு ஓடும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். ரத்த அழுத்தம் ஏறும். சிறுநீர் அதிகம் பிரியும். ஆனால் தாகம் மட்டும் தெரியாது. உயரம் ஆயிரம் அடி கூடினால் சுமார் 2 டிகிரி செல்சியஸ் குளிரும் கூடும். ஆகவே தாகத்துக்காகக் காத்திராமல் அரை மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். (தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருக்கும் சிறுநீரக, இதய நோயாளிகள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.) சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் விரதம் இருந்து ஏறவே கூடாது. திடீரென வியர்த்து, கை நடுங்கினால் உடனே கருப்பட்டியோ குளுக்கோஸோ வாயில் போடுங்கள்.

கணக்குப் போட்டு ஏறுங்கள்

1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு கணக்கு சொன்னார். மூன்று மைல், அதாவது சுமார் 5 கிலோமீட்டர் நடக்க ஒரு மணி. அதோடு 2,000 அடி ஏற்றத்துக்கு ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும். உதாரணமாக, 4 கிலோமீட்டர் தூரம், 3,000 அடி ஏற்றம் என்றால் ஏறத்தாழ இரண்டேகால் மணி. இது உட்காராமல் நடக்கும் திடகாத்திரமான ஆளுக்கு! பாட்டியும் பேரனும் வந்தால் இரண்டு மடங்கு போடுங்கள். நாலரை மணி ஆச்சு.

காலை பத்தரைக்கு அடிவாரத்தில் கிளம்பினால் உச்சியைத் தொடவே மூன்று மணி. மார்கழியில் ஆறு மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். பிறகு இருட்டில்தான் இறங்கவேண்டும். அதனால் முதல் நாள் ராத்திரியே போளூரிலோ திருவண்ணாமலையிலோ தங்கி, விடிந்ததும் ஏறுங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைக் கீழேயே முடிவு செய்யுங்கள். அந்த மணி அடித்தால் உச்சி நூறு அடியில் இருந்தாலும் திரும்பிவிடுங்கள். சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

நீங்கள் பார்க்கவேண்டியது உங்கள் கால் போகிற வழியை மட்டும் அல்ல. பின்னால் வரப்போகும் பலவீனமான ஆள் எங்கே உட்காருவார், எங்கே திரும்பலாம், தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள். வழியில் ஓடை குறுக்கிட்டால், இன்று காய்ந்து கிடக்கிறதே என்று ஏமாறாதீர்கள். 2025 ஆகஸ்டில் சென்னையிலிருந்து பர்வதமலை போன குழுவில் இரண்டு பெண்களை, இறங்கும் வழியில் மழைவெள்ளம் அடித்துச் சென்றது. மழை வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதும் வழி பார்ப்பதில் சேர்த்திதான்.

'வாயு' என்று விடாதீர்கள்

2024-இல் கோவை வெள்ளியங்கிரி மலை ஏறியவர்களில் பலர் வழியிலேயே மயங்கி விழுந்து உயிர்விட்டார்கள். ஏறும்போது நெஞ்சில் பாரம், இடது கை, தாடை வலி, காரணமில்லாத வியர்வை வந்தால் அது வாயு அல்ல. பெருங்காயமும் ஓமமும் தேடாதீர்கள். அங்கேயே உட்காருங்கள். 108-க்குச் சொல்லச் சொல்லுங்கள். பாம்பு கடித்தாலும் அப்படித்தான். ஒரு சித்த வைத்தியன் சொல்கிறேன், பச்சிலை பறித்து நேரத்தை விடாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல், விஷமுறிவு ஊசி உள்ள அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

பையில் இருக்கவேண்டியவை: மூன்று லிட்டர் தண்ணீர், வேர்க்கடலை, கருப்பட்டி, டார்ச், ஸ்வெட்டர், விசில், வழக்கமான மாத்திரைகள். கையில் ஒரு தடி. பிளாஸ்கில் சுக்கு மல்லிக் காபி இருந்தால் பனிக்கு இதமாக இருக்கும்.

கடைசியாக ஒன்று. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளிலும் வழிகாட்டியோடுதான் அனுப்புகிறார்கள். காட்டை அறிந்தவர்களே துணைக்கு ஆள் அனுப்பும்போது நமக்கு என்ன வீராப்பு? ஒரு நண்பரை இழுத்துக்கொண்டு போங்கள். யாரும் கிடைக்கவில்லையா? ஜன நடமாட்டம் உள்ள நாளில், பகலில் மட்டும் போங்கள். மலை ஏற அன்றைக்கு அனுமதி உண்டா என்று வனத்துறையிடம் கேளுங்கள். எந்த வழியில் ஏறுகிறீர்கள், எத்தனை மணிக்குக் கீழே இறங்குவீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுங்கள். அந்த நேரத்துக்குப் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். செல்போன் எல்லா இடத்திலும் எடுக்கும் என்று நம்பவேண்டாம். அந்தத் தாள் உங்களைத் தேடி வர ஆள் அனுப்பும்.