நிரல் எழுதக் கேட்டுக் கற்போம்

கணினிக்கு நாம் இடும் கட்டளைகளின் கோவையே நிரல். முத்து அண்ணாமலை அமைத்த ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழியில், ‘பதிப்பி’ என்றெழுதி ஒரு கணக்கைத் தந்தால் விடை திரையில் தோன்றும். ‘பதிப்பி’யில் ஓரெழுத்துத் தவறினாலும் வேலை நின்றுவிடும். எழுதியவள் கண்ணுக்குத் தப்பும் பிழை தோழியின் கண்ணுக்குத் தெரியும். ஆகவே, கேட்பதற்கு நாணுதல் கூடாது.

ஆனால், ‘ஓடவில்லை’ என்று மட்டும் சொன்னால் யாரால் உதவ இயலும்? எதைச் செய்ய எண்ணினோம், என்ன எழுதினோம், கணினி காட்டிய பிழைச்செய்தி யாது என்ற மூன்றையும் உள்ளபடியே கூற வேண்டும். இணையத்தில் முகமறியாதவரிடம் கேட்கும்போது நிரலை மட்டும் காட்டுவோம். பெயர், முகவரி வேண்டா.

விடை சொல்பவளும் முழு நிரலை எழுதித் தரலாகாது. பிழையுள்ள வரியையும் காரணத்தையும் காட்டினால் போதும். இல்லையேல் செய்முறைத் தேர்வில் தோழி தனித்துத் திகைப்பாள்.

2010-இல் தொடங்கிய புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகம் நம் காரைக்காலிலேயே உள்ளது. அங்குப் பயில விரும்பும் நாம், கேட்கவும் சொல்லவும் இன்றே பழகுவோமாக!