மலையும் விண்மீனும் ஒரே படத்தில்

முசிறியில் காவிரிக்கு முதுகு காட்டி, வீட்டு மொட்டைமாடியில் நின்று வடக்கே நோக்குங்கள். வானம் தெளிந்த நாளில் கொல்லிமலை நீலநிறமாய் நீண்டு கிடக்கும். இரவில் அதே இடத்தில் நின்றால், அத்திசையில் தாழ்வாகத் துருவ விண்மீன் தோன்றும். அடிவானிலிருந்து அதன் உயரம் ஏறத்தாழ 11 பாகை. முசிறியின் அட்சரேகையும் அதுவே. இது தற்செயலன்று, பூமியின் வடபாதியில் எங்கு நின்றாலும் இவ்விரண்டும் ஒத்தே இருக்கும். மலையையும் மீனையும் சேர்த்துப் படமெடுக்க விழையும் இளைஞர்க்கு இதைவிட வாய்ப்பான மாடி ஏது?

ஆனால் வானையும் நிலத்தையும் ஒரே படத்தில் உள்ளபடி அடக்குவது எளிதன்று. இதற்கு நம் பகுதியிலேயே பழைய சான்று உண்டு. சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராயிருந்த லின்னேயஸ் டிரைப் 1858-இல் திருச்சி மலைக்கோட்டையையும் திருவரங்கத்தையும் படமெடுத்தார். மெழுகிட்ட காகிதமே அவருக்கு நெகட்டிவ். அக்காகிதம் நீல ஒளியை மிகுதியாக ஏற்றதால், பாறை செவ்வனே பதிவதற்குள் வானம் வெளுத்துப்போகும். வெறும் வெள்ளை வானம் அவருக்கு உவப்பாயில்லை போலும். நெகட்டிவ்கள் பலவற்றில் தூரிகையால் மேகங்களைத் தீட்டிச் சேர்த்தார். அழகிய மேகங்கள்தாம். ஆயினும் அன்றைய வானம் எப்படி இருந்தது என்பதை அப்படங்களிலிருந்து அறிய வழியில்லை.

இரண்டு மேகம் சேர்ந்தால் குடிமுழுகிவிடுமா என்பீர்கள். ஜவ்வாது மலையிலுள்ள காவலூரை நினைத்துப் பாருங்கள். ஊர் விளக்குகள் எட்டாத காட்டில், ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில், வானியலறிஞர் வைணு பாப்பு 1960-களின் இறுதியில் நிறுவிய வானாய்வுக்கூடம் அங்கே உள்ளது. 1988 பிப்ரவரியில் அங்கு எடுக்கப்பட்ட படங்களில், அசையா விண்மீன்களிடையே இடம்பெயரும் ஒரு சிறு புள்ளியை ஆர். இராஜமோகன் குழுவினர் கண்டனர். அது ஒரு குறுங்கோள். கணித மேதை இராமானுஜனின் பெயர் அதற்கு இடப்பட்டது. தூரிகை தொட்ட படமாயிருந்தால் அப்புள்ளியை எவர் நம்பியிருப்பர்?

இத்தகைய புள்ளிகளை அளப்பதிலேயே ஆண்டுகளைக் கழித்த கன்னியரும் உண்டு. வானம் முழுவதையும் படமெடுக்கப் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் கூடி முயன்றபோது, ஒரு பகுதி வத்திக்கானுக்கும் வேறொரு பகுதி ஐதராபாத் நிசாமியா ஆய்வுக்கூடத்துக்கும் வாய்த்தன. 1910 முதல் 1921 வரை நான்கு அருட்சகோதரியர் வத்திக்கானின் கண்ணாடித் தகடுகளில் 4,81,215 விண்மீன்களின் இருப்பிடத்தை அளந்து குறித்தனர்!

இனி மாடிக்குத் திரும்புவோம். அமாவாசையை ஒட்டிய இரவாகப் பார்த்துக்கொள்ளுங்கள். காமிராவை முக்காலியில் அசையாது நிறுத்தி, அகன்ற காட்சி தரும் லென்ஸில் 15 அல்லது 20 விநாடி ஒளியேற்றினால் போதும். அதற்குமேல் நீடித்தால் புள்ளிகள் கோடுகளாகும். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறதன்றோ? கோடுகளையே விரும்பினால், ஒரு மணி நேரம் இடைவிடாது படங்களெடுத்து ஒன்றாகச் சேர்க்கலாம். துருவ மீனை நடுவாக வைத்து வில் வில்லாக ஒளிக்கோடுகள் வளையும். பால்வீதி வேண்டுவோர் மாசி, பங்குனியில் விடியுமுன் எழுந்து தென்கிழக்கே, ஆற்றின் பக்கம் நோக்கவேண்டும்.

கைப்பேசியிலும் ஓரளவு முடியும். ஆனால் ஓர் எச்சரிக்கை: மங்கலாக விழுந்த நிலவுக்குத் தாமே நுணுக்கம் சேர்த்துக் காட்டும் கைப்பேசிகளும் உள்ளன. டிரைப்பின் தூரிகை இன்று கருவிக்குள்ளேயே புகுந்துவிட்டது.

சென்ற மாசியில் நான் எடுத்த படத்தில் கொல்லிமலை கருங்கோடாய்த் தெரிகிறது. மேலே துருவ மீன். இடது மூலையில் தெருவிளக்கின் மஞ்சள் ஒளி கால்பங்கு வானை மறைத்துவிட்டது. "சித்தப்பா, இதை அழிக்க இரண்டு நிமிடம் போதும்" என்றான் அண்ணன் மகன். வேண்டாமென்றேன். படத்தின் பின்புறம் நாளையும் மணியையும் எழுதி, விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்றும் குறித்து வைத்திருக்கிறேன்.